பாம்பன் பாலம்: இக்கரையிலிருந்து சில குறிப்புகள்

சென்ற வருடம் பத்தாந் தர வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: “சேர், பாம்பன் பாலத்துல இருந்துதானே அந்தக் கோச்சி கடலுக்குள்ள விழுந்தது?”

பாடசாலை நூலகத்திலிருந்து அக்னிச் சிறகுகள் நூலை எடுத்துப் படித்திருக்கிறான். பிள்ளையின் மீது பிழையில்லை. பயணிகள் நிறைந்த ரயிலோடு பாம்பன் பாலம் இடிந்தது என்ற கருத்தில் அப்துல் கலாம் அவர்களின் அந்த நூலிலேயே ஒரு செய்தி வருகிறது. தன் வாப்பாவின் தோணியைப் புயல் கொண்டுபோன கதையைச் சொல்லும் இடத்தில் அதையும் சேர்த்துச் சொல்கிறார். இரண்டு அழிவுகள் ஞாபகத்தில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. கடற்கரை மக்களின் நினைவு அப்படித்தான். ஆனால் வரலாறு எழுதுகிறவன் இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும்.

1964 டிசெம்பர் 22ஆம் திகதி இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653ஆம் இலக்கப் பயணிகள் வண்டி பாம்பன் பாலத்தில் ஏறவேயில்லை. பாம்பன் ஸ்டேஷன் பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே தனுஷ்கோடி நோக்கிப் போன வண்டி, ஊரை நெருங்கிய வேளையில் 20 அடிக்கும் மேலாக எழுந்த கடல் அதை மூடிவிட்டது. பதிவான கணக்கு 115 பேர். டிக்கட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இன்னும் கூடும் என்று சொல்வார்கள். அதே இரவில் பாலமும் உடைந்தது உண்மை. ஆனால் அப்போது பாலத்தின் மீது வண்டி இருக்கவில்லை.

வகுப்பில் இவ்வளவும் சொல்லி முடித்தபோது அதே பையன் இன்னொன்று கேட்டான். “அது இந்தியாப் பாலந்தானே சேர், நமக்கு என்ன?” அதற்கு மணியடிக்கும் வரை என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான்.

பாம்பன் பாலம் இராமேஸ்வரத்துக்குப் போகும் யாத்திரிகர்களுக்காகக் கட்டப்பட்டது என்றே இன்று பலரும் நினைக்கிறார்கள். அது கட்டப்பட்டது இலங்கைக்காக. மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் 1902இலேயே வந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும், கொழும்பு வர்த்தகத்துக்குச் சரக்கு போக வேண்டும். ஆதம் பாலத்து மணல் திட்டுகளின் மேலேயே தண்டவாளம் போட்டு தலைமன்னார் வரை நேராக ரயில் விடலாம் என்றுகூட ஒரு திட்டம் இருந்தது. செலவைப் பார்த்துக் கைவிட்டார்கள். பதிலுக்குச் செய்ததுதான் இது: மண்டபத்திலிருந்து பாம்பனுக்குக் கடலின் குறுக்கே பாலம், அங்கிருந்து தனுஷ்கோடி வரை ரயில், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 22 மைல் கப்பல், தலைமன்னாரிலிருந்து மன்னார், மதவாச்சி வழியாகக் கொழும்புக்கு மறுபடி ரயில்.

ஆகவே அது தனிப் பாலமல்ல. அந்தப் பக்கம் இராமேஸ்வரத் தீவுக்கு ஒரு பாலம், இந்தப் பக்கம் மன்னார்த் தீவுக்கு ஒரு பாலம், நடுவில் கப்பல். மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு பாதை. பாம்பன் பாலம் திறக்கப்பட்டது 1914 பெப்ரவரி 24. நமது தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டதும் அதே 1914இல்தான். அங்குள்ள பாலத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். இங்குள்ள மன்னார் ரயில் பாலத்தைப் பற்றி ஒரு சிறு பிரசுரங்கூட என் கண்ணில் பட்டதில்லை. போர்க் காலத்தில் அது தகர்க்கப்பட்டது. அவ்வளவுதான் அதன் சரித்திரமாக மிஞ்சியிருக்கிறது.

பாலத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். நீளம் 2 கிலோமீற்றருக்குச் சற்று மேல். கடலுக்குள் 140க்கும் மேற்பட்ட தூண்கள். வேலை தொடங்கியது 1911இல். மூன்றே வருடத்தில் முடித்தார்கள். பாம்பன் கால்வாய் வழியாகத் தோணிகளும் சிறு கப்பல்களும் போய்வர வேண்டியிருந்ததால் நடுவில் ஓர் இடத்தில் பாலம் திறக்க வேண்டும். அதற்காக வைத்ததுதான் ஸ்கேர்ஸர் தூக்கு. கதவின் இரண்டு பலகைகள் மாதிரி இரண்டு இரும்புப் பகுதிகள், ஒவ்வொன்றும் 400 டொன்னுக்கும் மேல் எடை. அடிப்பாகம் வளைவாக இருக்கும், நாற்காலியின் ஆடுகால் போல. அந்த வளைவில் உருண்டு பின்னுக்குச் சாய்கிறபோது முன்பக்கம் மேலே எழும். எதிர்ப்பக்கம் கட்டிவைத்த பாரம் எடையைச் சமப்படுத்திவிடுவதால் இயந்திரம் தேவைப்படவில்லை. ஒவ்வொரு பக்கமும் சில தொழிலாளர்கள் நின்று கையால் நெம்பியே நூறு வருடத்துக்கு மேலாகத் திறந்து மூடியிருக்கிறார்கள்.

ஸ்கேர்ஸர் என்ற ஜெர்மன் எஞ்சினியர் வந்து கட்டினார் என்று சில கட்டுரைகளில் பார்த்திருக்கிறேன். அதுவும் பிழை. வில்லியம் ஸ்கேர்ஸர் அமெரிக்காவில் பிறந்தவர், 1893இலேயே இறந்துவிட்டார். அவருடைய முறையைச் சிக்காகோவில் இருந்த அவர் பெயரிலான கொம்பனி விற்றுவந்தது. இரும்பு வேலையைச் செய்தது இங்கிலாந்தின் ஹெட் ரைட்ஸன் கொம்பனி.

சரி, நமக்கு என்ன என்ற கேள்விக்கு வருகிறேன்.

1914க்கு முன்னர் இந்தக் கடலில் மக்கள் எப்படிப் போய்வந்தார்கள்? தோணியில். தொண்டி, கீழக்கரை, வேதாளை, பாம்பன் என்று அங்கே பல இறங்குதுறைகள். பேசாலை, எருக்கலம்பிட்டி, வங்காலை, சிலாவத்துறை, கற்பிட்டி என்று இங்கே பல இறங்குதுறைகள். முத்துக்குளிப்புக் காலம் வந்தால் கீழக்கரைப் பக்கத்துச் சம்மாட்டிகளும் குளிகாரரும் சிலாவத்துறைக்கும் மரிச்சுக்கட்டிக்கும் வந்து குடில் போடுவார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்து மார்க்கப் பணி செய்ததும் இந்தக் கடலைத் தாண்டித்தான். அவர்கள் 1898இல் வபாத்தாகும்போது பாலமும் இல்லை, போட் மெயிலும் இல்லை. ஆனாலும் இந்த நாட்டின் பல ஊர்களில் அவர்களது கால் பட்டிருக்கிறது. காற்றும் நீரோட்டமும் சரியாக இருந்தால் எந்தக் கரையிலிருந்தும் எந்தக் கரைக்கும் போகலாம் என்பதுதான் அன்றைய நிலை.

பாலம் வந்த பிறகு கடவை ஒன்றாயிற்று. எழும்பூரில் ஏறினால் மறுநாள் தனுஷ்கோடி, அங்கிருந்து கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று வைஸ்ரோய்மாரின் பெயர் சூட்டிய நீராவிக் கப்பல்களில் ஒன்று, பிறகு தலைமன்னார், கொழும்பு கோட்டை. இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது பெரிய வசதி. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மத்ரஸாவில் ஓதிவிட்டு வந்து, பெயருக்குப் பின்னால் ‘பாகவி’ என்று போட்டுக்கொண்ட நமது பழைய ஆலிம்களில் எத்தனை பேர் இந்தப் பாலத்தில் போயிருப்பார்கள்! போட் மெயிலில் போய் விழுப்புரத்தில் இறங்கி வேலூருக்கு வண்டி மாறுவது அந்தக் காலத்து மத்ரஸா மாணவர்களுக்கு மனப்பாடம். என் மூத்தாப்பாவின் தகப்பனார் ஹஜ்ஜுக்குப் போனதும் இந்த வழியேதான் என்று வீட்டில் சொல்வார்கள். தலைமன்னாரில் ஏறி, பம்பாய் வரை கோச்சி, அங்கிருந்து ஜித்தாவுக்குக் கப்பல். ஊரே பிரிவுத் துஆ ஓதி அனுப்பிவைத்ததாம், திரும்பி வருவார் என்ற நிச்சயம் இல்லாமல். கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்திருந்த சம்மான்காரருக்கோ இது கிட்டத்தட்ட வீட்டு ஒழுங்கை மாதிரி. நோன்புக்கு ஊர் போய்ப் பெருநாள் முடித்துத் திரும்புவார்கள்.

ஆனால் ஒற்றைக் கடவை என்றால் அது ஒரு வாசலும் ஆகும். வாசலுக்குக் காவல் உண்டு. மண்டபத்தில் முகாம் அமைத்து, தோட்டத்துக்குப் போகும் ஏழைத் தொழிலாளரை நோய்த் தடுப்பு என்ற பெயரில் நாட்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். டிக்கட், வைத்தியச் சான்று, பிறகு பாஸ்போட், விசா. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் வந்தபின் அந்த வாசலால் வராதவன் எல்லாம் ‘கள்ளத்தோணி’. இந்தச் சொல்லை யோசித்துப் பாருங்கள். தோணி எப்போது கள்ளத் தோணியானது? நம் முன்னோர் நூற்றாண்டுகளாகப் போய்வந்த அதே தோணி, அதே கடல், அதே மனிதர்கள். மாறியது கரையில் இருந்த சட்டம். மலையகத் தமிழரை இழிவாகப் பேசப் பயன்பட்ட அந்தச் சொல், பாயும் பாத்திரமும் விற்க வந்த இந்திய முஸ்லிமையும் விட்டுவைக்கவில்லை. நம்மவர்களே சிலர் அதைச் சிரித்துக்கொண்டு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கீழக்கரையில் வேர் உள்ள குடும்பத்துக்காரரும் சொல்கிறார்!

பாலம் ஊர்களைச் சேர்த்தது என்று மட்டும் எழுதினால் பாதிதான் உண்மை என்பது என் கருத்து. பல கடவைகளை ஒன்றாக்கி, மூடக்கூடிய ஒரு கதவையும் அது வைத்தது. மூடியது யார் என்பது வேறு வேறு காலத்தில் வேறு வேறு.

முதலில் மூடியது புயல். 1964இல் வவுனியா, மன்னார்ப் பக்கங்களையும் அடித்துவிட்டுத்தான் அது தனுஷ்கோடிக்குப் போனது என்பதை நாங்கள் மறந்துவிடுகிறோம். பாம்பன் பாலத்தின் 126 கேடர்களைக் கடல் கொண்டுபோனது. ஸ்கேர்ஸர் தூக்கு மட்டும் அசையாமல் நின்றது. திருத்த ஆறு மாதம் என்று திட்டமிட்டார்கள், பிறகு மூன்று மாதமாகக் குறைத்தார்கள். பொறுப்பேற்ற இளம் எஞ்சினியர் ஸ்ரீதரன், கடலுக்குள் கிடந்த கேடர்களைத் தேடித் தூக்கியெடுத்துத் திரும்பப் பொருத்தி 46 நாளில் முடித்தார். பின்னாளில் டில்லி மெட்ரோவைக் கட்டியவர் இவரே. பாலம் பிழைத்தது. தனுஷ்கோடி பிழைக்கவில்லை. மனிதர் வாழத் தகாத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது, தண்டவாளத்தை மணல் மூடியது. கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடத் தொடங்கியது.

அந்தப் புயலுக்கு இரண்டு மாதத்துக்கு முன்னர்தான், ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. 525,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவு. அவர்களில் ஏராளமானோர் பின்வந்த வருடங்களில் தலைமன்னாரில் கப்பலேறி, திருத்தப்பட்ட அதே பாலத்தின் மேலாகத்தான் போனார்கள். பாட்டனார் வந்த பாதையில் பேரப்பிள்ளைகள் திரும்பிப் போனார்கள். பாட்டனாருக்கு அது பிறந்த மண்ணை விட்டுப் புறப்பட்ட பயணம். பேரர்களுக்கும் அதேதான்.

இரண்டாவது முறை மூடியது போர். 1984ஓடு தலைமன்னார்க் கப்பல் நின்றது. 1990இல் ரயிலும் நின்றது. அதே 1990 ஒக்டோபர் கடைசியில் மன்னார்த் தீவு முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டோம். எனக்கு அப்போது பத்து வயது. எருக்கலம்பிட்டிக் கரையில் நின்று தோணி ஏறினோம். கற்பிட்டியில் இறங்கினோம். நான் வாழ்க்கையில் செய்த முதலாவது கடல் பயணம் அது. உம்மும்மா தோணிக்குள் இருந்து வாய் விட்டு அழவில்லை. “கோச்சி ஓடின காலத்துல இந்தக் கரையில இருந்து ஊருக்கு ஆக்கள் வருவாங்க மகன்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னா. அது எனக்கு விளங்கப் பல வருடம் சென்றது.

2024இல் மதுரைக்கு ஒரு இலக்கியக் கூட்டத்துக்குப் போனபோது இராமேஸ்வரம் போகக் கிடைத்தது. 1988இல் திறந்த வீதிப் பாலத்தின் மேல் பஸ் போகிறது. பக்கத்தில், கீழே, கடலை ஒட்டினாற்போல பழைய ரயில் பாலம். படங்களில் பார்த்ததைவிடச் சிறியது, தாழ்ந்தது. காற்று ஆளைத் தள்ளுகிறது. இரும்பெல்லாம் செம்மண் நிறம். உலகிலேயே இரும்பை மிக வேகமாகத் தின்னும் கடற்காற்று உள்ள இடங்களில் மயாமிக்கு அடுத்தது பாம்பன் என்று அடிக்கடி சொல்வார்கள். பார்த்தால் நம்பத் தோன்றும். பக்கத்தில் புதிய பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் இருந்த யாத்திரிகர்கள் எல்லோரும் எழுந்து ஜன்னல் பக்கம் வந்து படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். ஒன்றுகூடச் சரியாக விழவில்லை.

மீற்றர் பாதையாக இருந்த அந்தப் பாலத்தை 2007இல் அகலப் பாதையாக்கினார்கள். 1914இல் சின்ன வண்டிகளுக்குக் கட்டிய தூண்கள், பெரிய வண்டிகளையும் தாங்கின. ஆனால் மணிக்கு 10 கிலோமீற்றர் அளவில் ஊர்ந்துதான் போக வேண்டும். காற்றின் வேகம் 58 கிலோமீற்றரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகி வண்டியை நிறுத்திவிடும். 2013 ஜனவரியில் இழுபட்டு வந்த ஒரு பார்ஜ் தூணில் மோதியது. 2018 டிசெம்பரில் தூக்கில் வெடிப்புக் கண்டு மாதக்கணக்கில் பயணிகளை ஏற்றாமல் நிறுத்தினார்கள். கடைசியாக 2022 டிசெம்பர் 23ஆம் திகதி அடியோடு மூடிவிட்டார்கள். திகதியைக் கவனியுங்கள். தனுஷ்கோடி அழிந்து விடிந்த அதே டிசெம்பர் 23, சரியாக 58 வருடம் கழித்து. இதற்கு ஒரு அர்த்தமும் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் திகதி திறக்கப்பட்டது. இதில் தூக்கு இரண்டாகப் பிரிவதில்லை. 72.5 மீற்றர் நீளமான ஒரே துண்டு, லிப்ட் மாதிரி நிமிர்ந்தபடியே 17 மீற்றர் மேலே போகும். மின்சாரத்தில் இயங்கும். ரயில் பாதுகாப்பு ஆணையாளர் சில குறைகளைச் சுட்டிக்காட்டி, வேகத்துக்கு வரம்பு போட்டுத்தான் அனுமதி கொடுத்தார். மணிக்கு 75, தூக்கின் மேல் 50. பழையது பத்தில் ஊர்ந்ததை நினைத்தால் இதுவே பறப்பதுதான். பழைய பாலத்தைக் கழற்றி அகற்றுவதென்று முடிவாகியிருக்கிறது.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். துருப்பிடித்த தூண்களையெல்லாம் கடலில் நிற்க விட வேண்டும் என்று நான் வாதாடவில்லை. கப்பலுக்கும் மீனவருக்கும் அது இடைஞ்சல், புயல் வந்தால் ஆபத்து. ஆனால் அந்தத் தூக்கையாவது கரையில் எங்காவது நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அதன் அடியில் எழுதும் பலகையில் ஸ்ரீதரன் பெயர் இருக்கும், இருக்க வேண்டியதுதான். கலாம் பெயரும் இருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேஸ்வரத்தில் வண்டி நிற்காமல் போனபோது, ஓடும் ரயிலிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டுகளைச் சேகரிக்கத் துணைபோன சிறுவனல்லவா! தலைமன்னார் என்ற பெயர் இருக்குமா என்பதுதான் என் கவலை. அதை இருக்கச் செய்வது அவர்களுடைய வேலையல்ல. நம் பக்கத்துக் கதையை நாம் எழுதி வைக்காவிட்டால் அவர்கள் எங்கிருந்து எடுப்பார்கள்?

இக்கரையில் தலைமன்னாருக்கு ரயில் 2015 மார்ச் 14ஆம் திகதி திரும்பவும் வந்தது. மாணவர்களை ஒருமுறை கூட்டிப் போனேன். கடைசி ஸ்டேஷனின் பெயர் இன்னும் தலைமன்னார் இறங்குதுறைதான். இறங்கிப் போக அங்கே கப்பல் இல்லை. வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில் பழைய இறங்குதுறையின் எலும்புக்கூடு கடலுக்குள் நீண்டு நிற்கிறது. இரும்பு அதே செம்மண் நிறம். 2023 ஒக்டோபரில் தொடங்கிய கப்பல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் ஓடுகிறது. தலைமன்னாருக்கும் விடப்போகிறார்கள் என்ற பேச்சு அவ்வப்போது பத்திரிகையில் வரும், பிறகு அடங்கும்.

பாலத்தின் படம் எங்கும் கிடைக்கும். அதில் போனவர்களின் வாய்மொழி கிடைக்காது. 1964க்கு முன் போனவர்கள் இன்று எண்பதைத் தொட்டுவிட்டார்கள். சென்ற வருடத்திலிருந்து நான் அவர்களைத் தேடிப் பதிவு செய்துவருகிறேன். இதுவரை மூன்று பேர்தான். ஒருவர் புத்தளத்தில், பழைய புறக்கோட்டைக் கடைச் சிப்பந்தி. கப்பலில் கிடைத்த பிளேன்டீயின் விலையைக்கூடச் சொல்கிறார், தன் மகனின் பெயர் மறந்துபோகிறது. ஒருவர் பதிவு செய்த அடுத்த கிழமையே மௌத்தாகிவிட்டார். மற்றவர் மன்னாரில் மீளக் குடியேறிய ஒரு ஓய்வுபெற்ற தபால் ஊழியர்.

இன்னுமொரு பெரியம்மா எருக்கலம்பிட்டியில் இருக்கிறா. ஐம்பதுகளில் கீழக்கரையிலிருந்து மணப்பெண்ணாக இந்தப் பாலத்தில் வந்தவ. அதன் பிறகு பிறந்த ஊருக்கு ஒரு தடவையும் போகவில்லையாம். காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் கூர்மை என்று பேரன் சொன்னார். அடுத்த மாதம் முதலாவது சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன். சுபஹுக்குப் பிறகு வந்தால்தான் பேசுவாவாம், வெயில் ஏறினால் தூங்கிவிடுவாவாம். அதனால் முந்தின நாளே போய் மன்னாரில் தங்க வேண்டும்.